வாங்கிய கையைத் தேடி வந்த கவர்கள்

ஆடிக்காற்று மேற்கிலிருந்து கிழக்காக அடித்து, கம்பியில் காயப்போட்ட வேட்டியை அடுத்த தெருவில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிற எங்கள் வெள்ளாட்டுப்புதூரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தக் காற்றுக்கு எதிராக, கிழக்கிலிருந்து மேற்காக, யாரையும் இடிக்காமல், யாரிடமும் வழி கேட்காமல், ஒரு பச்சை நிற ஜவுளிக்கடைக் கவர் நடந்து வந்து உரக்கடை சென்னியப்பன் வீட்டு வாசலில் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். இரண்டு கைப்பிடிகளையும் தூக்கிக்கொண்டு, வயிறு லேசாக உப்பிக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி நின்றது. கோலத்தை மிதிக்கக் கூடாது என்கிற நாகரிகமும் அதற்குத் தெரிந்திருந்தது. சென்னியப்பனின் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்களைப் பாக்கறதுக்கு யாரோ வந்திருக்காங்க" என்று உள்பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுப்பில் பொங்கப் போகிற பாலைக் கவனிக்கப் போய்விட்டாள்.

சென்னியப்பன் பல் குச்சியோடு வந்து பார்த்தார். மைத்துனருக்கு வேட்டி எடுத்துவிட்டு வரும் வழியில், உள்ளே இருந்த மிச்சரைத் தின்று முடித்து, பாலத்துக்குக் கீழே அவரே பறக்கவிட்ட கவர் அது. மிச்சர் எண்ணெய் வட்டம்கூட அப்படியே இருந்தது. "ஓ, நீயா" என்று சொல்லிவிட்டு அவர் கடைக்குக் கிளம்ப, அதுவும் சரசரவென்று அவர் பின்னால் கிளம்பியது.

மத்தியானத்துக்குள் மற்றவை வந்துவிட்டன. ஓடையிலிருந்தும், பாலத்தடியிலிருந்தும், சந்தைப்பேட்டைக்குப் பின்னால் நாங்கள் யாரும் மூக்கைப் பிடிக்காமல் கடக்க முடியாத அந்தப் பள்ளத்திலிருந்தும், எண்ணெய்ப் பாக்கெட்டுகளும், சோப்புத்தூள் பைகளும், சாம்பார் கட்டிக்கொடுத்த மெல்லிசுக் கவர்களும், அவற்றின் கழுத்தில் சுற்றிய ரப்பர் பேண்டுகளும், தண்ணீர் பாட்டில்களும், தண்ணீர் பாட்டில்களைத் தொலைத்துவிட்டுத் தனியாக அலைந்த மூடிகளும், வரிசை வரிசையாக வந்து, அவரவர் வாசலைக் கண்டுபிடித்து, அவரவர் நிழலில் உட்கார்ந்தன. யாரும் கூச்சல் போடவில்லை. ஆடி மாதம், விதைப்பு வேலை கிடந்தது. ஏன் இப்படி என்று ஜோசியர் ஒரு காரணம் சொன்னார், அறிவியல் வாத்தியார் ஒரு காரணம் சொன்னார், இரண்டும் பொருத்தமாகத்தான் இருந்தன, இரண்டையும் யாரும் மறுபடி கேட்கவில்லை. எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்ததெல்லாம் எந்தக் கவர் யாருடையது என்பதுதான்.

அதற்கும், ஒரு பரோட்டாக் கவருக்காக நடந்த பங்காளிச் சண்டையில் விடை கிடைத்தது. பரோட்டா தின்றவன் பின்னாலும் கவர் போகவில்லை, எறிந்தவன் பின்னாலும் போகவில்லை, கடையில் நீட்டி வாங்கிய கை எதுவோ அந்தக் கைக்குப் பின்னால்தான் போயிற்று. வீட்டுக்கு வீடு வாங்கிப் போடுகிற ஒரு ஆள் உண்டல்லவா, அந்த ஆளுக்குப் பின்னால் ஒரு தேர்த்திருவிழாவே நடந்தது. "தின்னது பூரா நீங்க, இழுத்துக்கிட்டுத் திரியறது நானா?" என்று அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் எல்லா வீடுகளிலும் ஒரே வசனம் கேட்டது.

பிறகு பழகிவிட்டது. எங்களுக்கு எதுதான் பழகவில்லை. டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் கவர்கள் மூச்சிரைக்க ஓடி வந்தன. "அண்ணா, சித்த நில்லுங்க, என்ற கவரு இன்னும் ரெண்டு ஏறலீங்க" என்று பெண்கள் கேட்க, டிரைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இஞ்சினை அணைத்துவிட்டு ஒரு பீடி குடித்து முடிப்பார். சினிமாக் கொட்டகையில் கவர்களுக்குக் கடைசி வரிசையை ஒதுக்கினார்கள். புரட்டாசி மாதம் முழுக்கத் தளிகை போட்டு நாமம் சாத்தி விரதம் இருந்த ஒரு பெரிய மனிதரின் வாசலுக்கு, அதே புரட்டாசியில் பக்கத்து ஊரில் வாங்கிய பிரியாணிக் கவர் எலும்போடு வந்து நின்றது. அவர் அதைத் தெரியாதது போல் கடந்துபோனார், அது தெரிந்தது போல் கூடவே போயிற்று.

எரித்துப் பார்த்தார்கள், ஓரம் கருகி, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து, முன்பைவிடப் பாவமாக வந்தது. புதைத்துப் பார்த்தார்கள், ஒரு மழைக்குக் காளான் மாதிரி எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தது. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டார்கள். அவர் வாங்கி அனுப்பியது எங்கேயோ உருகி, எங்கேயோ வார்க்கப்பட்டு, ஒரு மாதம் கழித்து மக்காகவும் பக்கெட்டாகவும் திரும்பி வந்தது. அது ஒரு முன்னேற்றம் என்றுதான் நாங்களும் ஒத்துக்கொண்டோம், ஆனால் ஒரு வீட்டுக்கு எத்தனை மக்கு வேண்டும்?

நூல்மில் அவிநாசியப்பன் மட்டும் இந்தத் தொல்லையிலிருந்து தப்பியிருந்தார். அவர் பிறந்ததிலிருந்து எதையும் தன் கையால் வாங்கியதில்லை. அவர் தின்ற சிப்ஸும், அவர் குடித்த பாட்டில் தண்ணீரும், டிரைவர் ரங்கன் பின்னால் ஒரு குன்றாக நடந்து வந்தன. அவிநாசியப்பன் காரின் கண்ணாடியை இறக்கி அந்தக் குன்றைப் பார்த்து, "ஏன் ரங்கா, கொஞ்சம் சுத்தபத்தமா இருக்கக் கூடாதா?" என்று வருத்தப்பட்டார்.

பேரூராட்சித் தலைவர் பிளாஸ்டிக் ஒழிப்புக் கூட்டம் போட்டார். தன் சிரித்த முகத்தைப் போட்டு ஆளுயரத்துக்கு ஒரு பிளெக்ஸ் பேனர் வைத்தார். வந்தவர்களுக்கெல்லாம் தாகத்துக்குத் தண்ணீர் பாக்கெட் கொடுத்தார். கூட்டம் முடிந்ததும் அத்தனை தண்ணீர் பாக்கெட்டும் அவர் பின்னால் கிளம்பின, பேனரும் கழிகளை உதறிவிட்டுக் கிளம்பியது. அன்றிலிருந்து அவர் வீட்டுக் கூடத்தில் அந்தச் சிரித்த முகம் சுவரில் சாய்ந்து நின்றது. "ஒருத்தரைச் சமாளிக்கறதே பெரும்பாடு" என்று அவர் மனைவி பிறந்தகத்துக்குப் போய் பத்து நாள் இருந்துவிட்டு வந்தார்.

நாங்கள் திருந்தப் பார்க்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஊர் மொத்தமும், மூடி போட்டுக் கையில் தூக்கிப் போகிற பாத்திரமான தூக்குப்போசி வாங்கியது. கறிக்கடையிலும் எண்ணெய்க் கடையிலும் தூக்குப்போசிகள் மோதிக்கொண்ட சத்தம் கோயில் மணியைவிடப் பெரிதாகக் கேட்டது. சாம்பார் என்று நினைத்து ஆட்டு ரத்தத்தை இட்லியில் ஊற்றிய வீடும் உண்டு. காகிதப் பொட்டலத்தில் மாவு வாங்கிய வீட்டில் மாவு வழியெல்லாம் கோலம் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது. ஆனால் உப்பு பாக்கெட்டில் வந்தது, சர்க்கரை பாக்கெட்டில் வந்தது, காய்ச்சல் மாத்திரை அட்டையில் வந்தது, பிள்ளையின் பள்ளிச் சீருடை பளபளவென்று ஒரு உறைக்குள் வந்தது. துணிப்பை வாங்கப் போனால் அந்தத் துணிப்பையே ஒரு கவருக்குள் இருந்தது. காலையில் எழுந்ததிலிருந்து கணக்குப் பார்த்தால், ஒரு மனிதன் ஒரு நாள் முழுக்க ஒரு கவரும் சேர்க்காமல் இருக்க வேண்டுமென்றால் படுத்த படுக்கையாகவே கிடக்க வேண்டும் என்று தெரிந்தது, அப்படிப் படுக்கிற பாயும் பிளாஸ்டிக்காக இருந்தது. நாங்கள் பெருமூச்சு விட்டுவிட்டு, தூக்குப்போசி மறந்த நாட்களில் ஒரே ஒரு கவர்தானே என்று வாங்கிக்கொண்டோம்.

அவிநாசியப்பனை விட்டால், இத்தனை களேபரத்திலும் பின்னால் ஒன்றுமே இல்லாமல் நடந்தவன் கால்நடை மருந்தகத்தில் உதவியாளனாக இருக்கிற பூபதி ஒருவன்தான்.

பூபதி பல வருஷத்துக்கு முன்னாலேயே பிளாஸ்டிக்கைத் தலைமுழுகியவன். அதற்கு முன்னால் வாங்கியவை எந்தக் கடலில் கிடந்தனவோ, ஒன்றும் வந்து சேரவில்லை. வயிறு உப்பிச் சாகக் கிடந்த ஒரு காங்கேயம் பசுவை டாக்டர் அறுத்து, அதன் வயிற்றிலிருந்து கவர் கவராக உருவிப் போட்டபோது, பக்கத்தில் வாளி பிடித்து நின்றது அவன்தான். கவர்களில் கடைப் பெயர்கள் படிக்கிற மாதிரி இருந்தன. அதில் ஒன்று அவன் சட்டை எடுத்த கடை. பசு பிழைக்கவில்லை. அன்றிலிருந்து அவன் எங்கே போனாலும் தோளில் ஒரு ஜோல்னாப்பை, அதற்குள் தூக்குப்போசி, டம்ளர், தட்டு, கரண்டி, மடித்த துணிப்பைகள். அவன் நடந்தால் பாத்திரக்கடை நடக்கிற மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்தில் முப்பத்தாறு வயதாகியும் பெண் கிடைக்காத பையன்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு, யாருக்கும் காரணம் தெரியாது. பூபதிக்கு மட்டும் காரணம் ஊருக்கே தெரியும். ஒரு வீட்டில் பெண் பார்க்கப் போனபோது பஜ்ஜி வைத்துக் கொடுத்த தட்டு பிளாஸ்டிக் என்று தெரிந்து, தன் பையிலிருந்து தன் தட்டை எடுத்துத் துடைத்து வைத்தான். இன்னொரு வீட்டில் பெண்ணிடம் தனியாகப் பேசச் சொன்னபோது, "ஷாம்பு பாட்டல்ல வாங்குவீங்களா, பாக்கெட்லயா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். அந்தப் பெண் சீயக்காய் என்று பொய் சொல்லத் தெரியாதவள்.

ஆனால் அவன் மனசு ஏற்கெனவே போக வேண்டிய இடத்துக்குப் போயிருந்தது. கடைவீதி முக்கில் இருக்கிற நாயகி பேக்கரியை, அப்பாவுக்கு முட்டி தேய்ந்த பிறகு மகள் கோகிலவாணிதான் நடத்தினாள். பூபதி தினமும் சாயங்காலம் அங்கே கண்ணாடி கிளாஸில் டீ குடிப்பான், தேங்காய் பன்னைத் தன் தட்டில் வாங்கித் தின்பான், அவள் பாலாற்றுகிற அழகைப் பார்ப்பான். அவள் கத்தரியை எடுத்து அடுத்த பால் பாக்கெட்டின் மூக்கை வெட்டும்போதெல்லாம் அவனிடமிருந்து ஒரு நீளமான பெருமூச்சு கிளம்பும். அந்தப் பெருமூச்சில் பாதி காதல், பாதி சுற்றுச்சூழல் என்பது அவன் எண்ணம். அவளுக்குக் கேட்டதெல்லாம் இரண்டாவது பாதிதான்.

கவர்கள் திரும்பி வந்தபோது ஊரிலேயே பெரிய கூட்டம் கோகிலவாணிக்குத்தான் வந்தது. வருஷக்கணக்காக அவள் வாங்கி வெட்டிய பால் பாக்கெட்டுகள் அத்தனையும் வந்து, பேக்கரி முன்னால் ரோட்டை அடைத்து, வெள்ளையும் நீலமுமாகப் படுத்துக்கொண்டன. "நவுருங்க சாமி, லாரி வருது" என்று அவள் மணிக்கொரு தரம் வெளியே வந்து சொல்ல, அவை முனகிக்கொண்டே ஒதுங்கி, லாரி போனதும் மறுபடி படுக்கும். போகிறவர்கள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். அப்படிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து ரெண்டு டீயும் சொன்னார்கள்.

பூபதிக்கோ அடித்தது யோகம். அவனுடைய காலி வாசலைப் பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டி வந்து, "பாரு, ஒண்ணுமே இல்லை பாரு" என்று காட்டினார்கள். அந்த ஒன்றுமில்லாத இடத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், ஒரு அம்மாள் மஞ்சள் தண்ணீர்கூடத் தெளித்தாள். வெறும்வாசல் பூபதி என்று பேர் ஆயிற்று. அவன் நடையே மாறிவிட்டது. பத்தடிக்கு ஒரு தரம் நின்று பின்னால் திரும்பிப் பார்ப்பான், பின்னால் எதுவும் இல்லை என்பதை மற்றவர்களும் கவனிக்க வேண்டும் என்று. அவன் அம்மா பழனாத்தாள் அவனுக்குத் தெரியாமல் வாங்கிய சேமியா பாக்கெட்டுகளும் ஷாம்பு பாக்கெட்டுகளும் கொஞ்சம் உண்டு. அவற்றைப் பின்பக்க மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பி, "முன்வாசலுக்கு வுடாதம்மா, ஆளுங்க வர்றாங்க" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

அந்த மிதப்பிலேயே ஒரு சாயங்காலம் போய், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கோகிலவாணியிடம் கேட்டும்விட்டான்.

"ஏனுங்க, உங்களுக்குப் பின்னால இத்தனை கெடந்தாலும் நான் ஏத்துக்கறேனுங்க. கல்யாணத்துக்கு அப்புறமேட்டுக்குச் சிறுகச் சிறுகத் திருத்திக்கலாம்."

கோகிலவாணி கத்தரியைக் கீழே வைத்தாள். "நாலு மாசம் நான் பாலைக் கேன்ல வாங்கிப் பாத்தேன், உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

"பதினோரு மணிக்கெல்லாம் திரிஞ்சு போயிரும். திரிஞ்ச பாலைப் பூரா பால்கோவா கிண்டுனேன். எங்கப்பாவுக்குச் சர்க்கரை ஏறி, இப்ப பால்கோவான்னு சொன்னாலே எந்திரிச்சு உள்ள போயிர்றாரு. அப்புறந்தான் மறுபடி பாக்கெட்டுக்கு வந்தேன். நீங்க தெனமும் குடிக்கற டீ இந்தப் பால்லதானுங்க. வாங்குன கை என்னுதுங்கறதால என்ற பின்னால வந்து நிக்குது, அவ்வளவுதான். ஒரு நாளாவது ஏன் பாக்கெட்டுன்னு கேட்டிருக்கீங்களா? பெருமூச்சு வுட்டீங்க. காலம் பூரா அந்தப் பெருமூச்சைக் கேட்டுக்கிட்டு என்னால டீ ஆத்த முடியாதுங்க."

பூபதி பதில் சொல்ல வாயைத் திறந்தான், அவனையும் மீறி ஒரு பெருமூச்சு வந்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

அடிபட்ட மனுஷன் என்ன செய்வான், ரோஷப்படுவான். அந்த வாரமே தரகர் அர்த்தநாரி ஒரு சம்பந்தம் கொண்டு வந்தார். நூல்மில் அவிநாசியப்பன் தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறாராம், கவரில்லாத வீட்டுக்குக் கவரில்லாத வீடுதான் பொருந்தும் என்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறாராம். "வரச்சொல்லுங்க" என்றான் பூபதி. சொன்ன வாய் மூடுவதற்குள் வருத்தமாக இருந்தது, ஆனால் அர்த்தநாரி அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பழனாத்தாளின் பாக்கெட்டுகளை அடுத்த தெருவில் இருக்கிற சின்னம்மா வீட்டுக்கு ஓட்டிவிட்டார்கள். வாசல் தெளித்து, காலி இடம் இன்னும் காலியாகத் தெரியும்படி கூட்டி வைத்தார்கள். பித்தளை டம்ளரில் மோர், வாழையிலையில் முறுக்கு. அவிநாசியப்பன் தெருமுனையில் காரிலிருந்து இறங்கி நடந்து வந்து, வாசலை இப்படியும் அப்படியும் பார்த்து, "இதுதானுங்க எனக்கு வேணும்" என்று கண் கலங்கினார். ரங்கனையும் அவனுடைய குன்றையும் தெருமுனையிலேயே நிற்கச் சொல்லியிருந்தார். வேடிக்கை பார்க்க நாங்கள் எல்லோரும், எங்கள் எங்கள் கவர்களோடு, எதிர்ப்பக்கம் நின்றோம்.

அப்போதுதான் கிழக்கே, கோயமுத்தூர் ரோட்டில், மெதுவாக ஒரு கூட்டம் வந்தது. அவ்வளவு தூரத்தை நடந்தே கடந்த அலுப்பு அதில் தெரிந்தது. முன்னால் குளுக்கோஸ் பாட்டில்கள், ஓரம் கருகி, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வந்தன. அவற்றின் பின்னால் மெல்லிய குழாய்கள் நெளிந்து வந்தன. சிரிஞ்சுகள் குட்டிக் குட்டியாகத் தத்தி வந்தன. கிளவுஸ்கள் ஐந்து விரலால் நடந்தன. கடைசியில், கூச்சப்பட்டுக்கொண்டு, ஒரு மூத்திரப் பை. அது முழுக் கூட்டமும் வேறு எந்த வாசலையும் பார்க்காமல் வந்து, பூபதிக்கு எதிரில் நின்றது.

"மாப்ள, இது யாருதுங்க?" என்றார் அவிநாசியப்பன்.

"தெரியலீங்க. வழி தவறி வந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பூபதி இடப்பக்கம் ரெண்டடி நகர்ந்தான். குளுக்கோஸ் பாட்டில்களும் இடப்பக்கம் ரெண்டடி நகர்ந்தன. வலப்பக்கம் வந்தான், அவையும் வலப்பக்கம் வந்தன. ஒரு கிளவுஸ் முன்னால் வந்து அவன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் யாரும் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

பழனாத்தாள் மோர்ச் சொம்போடு வெளியே வந்தவள், சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டைத் தூரமாக வைத்து, கிட்டமாக வைத்துப் படித்தாள்.

"அட, இது என்ற குளுக்கோஸ் பாட்டலு! டெங்குக் காச்சல்ல கோயமுத்தூர் ஆசுபத்திரியில கெடந்தப்ப எனக்கு ஏத்துனதுங்க. என்ற பேருதான் போட்டிருக்குது பாருங்க, பழனாத்தாள், படுக்கை நாலு!" என்று அவிநாசியப்பனிடமே காட்டினாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "தெரியாதுன்னா சொல்றே? சீட்டை எழுதி எழுதிக் குடுத்தாங்க, நீ மருந்துக்கடைக்கு எறங்கறதும் ஏறறதுமா இருந்தே. நான் கண்ணு முழிச்சப்பல்லாம் நீ எதையாச்சும் கையில வெச்சுக்கிட்டுப் படியேறி வந்துட்டிருப்பே. இதுக ஏறலீன்னா நான் இந்நேரம் போட்டோவுல மாலை போட்டுக்கிட்டு இருப்பேன். ஊட்டுக்கு வந்ததுகளை வாங்கன்னு சொல்ல மாட்டியா?"

பூபதி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அந்த நாட்களை அவன் மறைத்து வைத்திருந்தான் என்று சொல்ல முடியாது; அவற்றை அவன் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அம்மாவுக்கு ரத்தத்தில் என்னவோ குறைந்துகொண்டே போகிறது என்று டாக்டர் சொன்னபோது அவனுக்குப் பசுவும் நினைவில்லை, ஜோல்னாப்பையும் நினைவில்லை. நீட்டிய சீட்டையெல்லாம் வாங்கினான், கொடுத்த கவரையெல்லாம் வாங்கினான், தண்ணீர் பாட்டிலைப் பல்லால் கடித்துத் திறந்து அம்மா வாயில் ஊற்றினான், அழுதான். அழுததும் இப்போதுதான் ஞாபகம் வந்தது. எல்லார் முன்னாலும் அவனுக்கு மறுபடி அழுகை வந்தது.

"என்னுதுதானுங்க" என்றான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எல்லாமே என்ற கை வாங்குனதுதான். அன்னிக்கு இன்னும் பத்து மடங்கு கேட்டிருந்தாலும் வாங்கியிருப்பேனுங்க."

அவிநாசியப்பன் நல்ல மனுஷர்தான், கோபப்படவில்லை. "கவருன்னாப் பரவால்லீங்க மாப்ள" என்று தொண்டையைக் கனைத்தார். "கல்யாணத்துல மூத்திரப் பை வந்து முன்வரிசையில உக்காந்தா, பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?" கைகூப்பிவிட்டுக் காருக்குப் போனார். வழியில் தொண்டை வறண்டதால் ரங்கனை ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி வரச் சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

பழனாத்தாள் புதிதாக வந்தவற்றுக்கு வாசலில் தண்ணீர் தெளித்துக் கொடுத்தாள். தங்கச்சி வீட்டுக்கு ஆள் அனுப்பி, தன் பாக்கெட்டுகளை முன்வாசல் வழியாகவே கூட்டி வரச் சொன்னாள். பூபதி எழுந்தான். ஜோல்னாப்பையை எடுக்கவில்லை, முகம் கழுவவில்லை, கடைவீதியைப் பார்த்து நடந்தான். பின்னால் அவனுடைய கூட்டம் நடந்தது. அதற்குப் பின்னால், ஒரு மரியாதையான தூரத்தில், ஊர் நடந்தது.

பேக்கரியில் சாயங்காலக் கூட்டம். கோகிலவாணி நிமிர்ந்து பார்த்தாள். பூபதியைப் பார்த்தாள், அவன் பின்னால் நின்றவற்றைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு வாங்குனதுங்க" என்றான்.

"இப்ப நல்லா இருக்காங்களா?"

"மோர் ஊத்திக்கிட்டு இருக்காங்க."

 பெண் பார்க்கப் போன வீட்டிலேயே கூசாமல் கேள்வி கேட்டவன், கல்லாப்பெட்டிக்கு முன்னால் வேட்டியைக் கசக்கிக்கொண்டு நின்றான். கடைசியில், "பாலு ஏனுங்க பதினோரு மணிக்கே திரியுது? கேனைத் தண்ணித் தொட்டியில வெச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டான்.

கோகிலவாணியின் கை ஆற்றுவதை நிறுத்தியது. "பாத்தேன். மத்தியானம் வரைக்கும் தாங்குது. சாயங்காலத்துக்குத் தாங்கறதில்லை."

"அப்ப காலையிலத்த பாலைக் கேன்ல வாங்கிக்கலாம். சாயங்காலத்துக்குப் பாக்கெட்."

"பாதிதானுங்க கொறையும்."

"பாதி கொறையட்டுமுங்க" என்றான் பூபதி. பெருமூச்சு எதுவும் வரவில்லை. நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம், வரவேயில்லை.

அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். இவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், நடந்து களைத்த குளுக்கோஸ் பாட்டில்கள் பால் பாக்கெட்டுகளுக்கு நடுவில் போய்ப் படுத்துவிட்டன. சிரிஞ்சுகள் பாக்கெட்டுகளுக்குள் புகுந்து தூங்கின. குழாய்கள் எல்லாவற்றையும் சுற்றிக் கிடந்தன. மூத்திரப் பையைக்கூட யாரும் ஒதுக்கவில்லை, ரெண்டு பாக்கெட் அதன்மேல் தலை வைத்திருந்தன.

"இப்படி ஒண்ணாக் கெடந்தா எப்படீங்க?" என்றாள் கோகிலவாணி. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. "உங்களுது எதெதுன்னு பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போங்க."

பூபதி ரோட்டில் குந்தி உட்கார்ந்தான். ஒரு பாட்டிலை எடுத்து இந்தப் பக்கம் வைத்தான், ஒரு பாக்கெட்டை எடுத்து அந்தப் பக்கம் வைத்தான். அடுத்ததை எடுக்கக் குனிவதற்குள் முதலாவது நகர்ந்து பழைய இடத்துக்கே போய்விட்டது. டீ குடிக்க வந்தவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள். பன் தீர்ந்தது, பப்ஸ் தீர்ந்தது, லாரிகள் சுற்றிக்கொண்டு போயின. அவன் பிரித்துக்கொண்டே இருந்தான். கடை சாத்துகிற நேரம் அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"சரி வுடுங்க. நாளைக்கு வந்து பிரிச்சுக்குங்க."

அவன் மறுநாள் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். அவர்கள் கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தநாரி வந்து கையைப் பிடித்து இழுக்கிறவரை பிரித்தான். இப்போதும் கடைவீதிப் பக்கம் வந்தீர்களென்றால் பார்க்கலாம். சாயங்காலம் கல்லாவில் கோகிலவாணி இருப்பாள், வாசலில் குந்தி உட்கார்ந்து பூபதி பிரித்துக்கொண்டிருப்பான், அவன் பிரிப்பதைவிட வேகமாக அவை ஒன்றாகிக்கொண்டிருக்கும்.